ஈரத்தலைக்கு அனுமதி இல்லை

ஜூலை 14, திங்கள்

புது வருஷத்துக்கு உப்பு வியாபாரி ஒருவர் கொடுத்த டைரி இத்தனை மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதப் போகிறேன். சோடியம் எடுக்கும் செல்லைப் பற்றி மட்டும். சொந்த விஷயம், சாப்பாடு, சினிமா எதுவும் இதில் வராது. போன வருஷம் செல் உறைந்து பாழானபோது, என்னய்யா நடந்தது என்று முதலாளி கேட்டார். ஆளுக்கொரு கதை சொன்னோம். அந்த அவமானம் இன்னொரு தடவை வேண்டாம்.

பின்னால் யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக: நான் தாணுலிங்கம். நாகர்கோவில்காரன், வயது முப்பத்து மூன்று. தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் சோடியம் பிரிவுக்குப் பொறுப்பு. பிரிவு என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு தகர ஷெட், நான்கு ஆட்கள், ஒரு செல்.

வேலையைச் சொல்வது எளிது. உப்பை உருக்கி அதற்குள் மின்சாரம் விட வேண்டும். உப்பு இரண்டாகப் பிரியும். நடுவில் இருக்கும் கிராஃபைட் தூணில் குளோரின் வாயு குமிழி குமிழியாகக் கிளம்பும். தூணைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தில் சோடியம் உருகிய வெள்ளியாக ஊறி மேலே மிதக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு கம்பிவலை. வலை கிழிந்தால் இரண்டும் ஓடிப்போய்ச் சேர்ந்து பழையபடி உப்பாகிவிடும். சேரத் துடிக்கிற இரண்டைச் சேரவிடாமல் காவல் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலாளி இன்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தீபாவளிக்குள் புது செல்லிலிருந்து சோடியம் வர வேண்டும். வராவிட்டால் ஷெட்டைக் காலி செய்து கருவாட்டுக் கிடங்குக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். மற்றவர்கள் உப்பு மூட்டை தூக்கப் போவார்கள். நான் நாகர்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஜூலை 16, புதன்

புது செல் கட்டி முடிய செப்டம்பர் ஆகும். அதுவரை கை பழகுவதற்காக அண்டா அளவில் ஒரு சின்ன செல் ஓடுகிறது. ஒரு நாளைக்கு வரும் சோடியம் ஒரு தம்ளரோ இரண்டு தம்ளரோ. ஆனால் வருகிறது.

வெறும் உப்பு உருக எண்ணூறு டிகிரி வேண்டும். கால்சியம் குளோரைடைக் கலந்தால் அறுநூறுக்குள் காரியம் ஆகும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்துவிடுகிற ரகம். எங்கள் ஃபோர்மன் இசக்கிமுத்து அண்ணாச்சி, என்னைவிட இருபது வயது மூத்தவர், நேற்று ஒரு மூட்டையை அவிழ்த்துவிட்டுக் கட்ட மறந்துவிட்டார். விடிய விடிய கடற்காற்று. காலையில் பார்த்தால் மூட்டைக்குள் கஞ்சி.

இந்த ஷெட்டில் தண்ணீர்தான் எதிரி. உருகிய உப்பில் ஈரம் பட்டால் கடுகு தாளித்த மாதிரி பொரியும். சோடியத்தில் பட்டால் தீயே பிடிக்கும். நம் ஜனங்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வாசல் தெளிப்பதில் தொடங்கி, வந்தவருக்குச் செம்பில் தண்ணீர் நீட்டுவது வரை எந்த நல்ல காரியத்துக்கும் நமக்குத் தண்ணீர் முன்னால் வர வேண்டும். போன வாரம் பெருக்குகிற அம்மாள், பாவம், தரையைக் கழுவிவிடலாம் என்று வாளியோடு வந்துவிட்டார். இரண்டு கையையும் விரித்து வாசலிலேயே மறித்தேன். நான் அவரை அடிக்கப் போனதாக உப்பளம் முழுக்கப் பேச்சு.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலையில் கோயிலுக்குப் போனேன். ஷெட்டுக்கு வந்து ஆடி வெள்ளி வழக்கப்படி கதவுக்கும், செல்லுக்கு மின்சாரம் கொடுக்கும் ரெக்டிஃபயருக்கும், உப்பு போடும் நீளக் கரண்டிக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். சாமி காரியத்தில் நான் குறை வைப்பதில்லை.

உப்பு போடும்போது செல் படபடவென்று பொரிந்தது. ஒரு துளி தெறித்து அண்ணாச்சியின் சட்டையில் ஓட்டை போட்டுவிட்டது. நல்லவேளை, தோலில் படவில்லை. எங்கிருந்து வந்தது ஈரம்? தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

காரணம் சற்று நேரத்தில் தானாகவே வாசலில் வந்து நின்றது. இன்று புதிதாக ஒரு கெமிஸ்ட் சேர்ந்திருக்கிறார். பெயர் மங்கையர்க்கரசி, ஊர் ஸ்ரீவைகுண்டம். உப்பில் ஈரம் இருக்கிறதா என்று பரிசோதிப்பது அவர் வேலை. அப்படிப்பட்டவர் தலைக்குக் குளித்துவிட்டு, இடுப்பைத் தாண்டித் தொங்கும் முடியின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாகக் கோலம் போட்டபடி வந்து வணக்கம் சொல்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பதில் வணக்கம் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

ஜூலை 19, சனி

கதவில் பலகை மாட்டியாயிற்று. சிவப்பு எழுத்து. ஈரத்தலைக்கு அனுமதி இல்லை.

புது கெமிஸ்ட் நின்று நிதானமாகப் படித்தார். இது ஆம்பிளைகளுக்கும் சேர்த்தா என்று மட்டும் கேட்டார். எல்லோருக்கும்தான் என்றேன். உங்களுக்கும் உண்டா என்று கேட்பார் போலத் தோன்றியது. கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் அவருக்குத் தலைக்குளியலாம். வெளியே வேப்பமரத்தடியில் நின்று முடியைக் காயவைத்துவிட்டு, பத்தே காலுக்குத்தான் உள்ளே வந்தார். நான் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டது.

உப்பைத் தராசில் நிறுத்து, சூளையில் காயவைத்து, மறுபடி நிறுத்துப் பார்க்கிறார். வேலை சுத்தம். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

கோயில், பொட்டு எல்லாம் ஆயிற்று. உப்பு போட்டதும் பொரிந்தது. அந்த நேரத்தில் மங்கையர்க்கரசி உள்ளேயே இல்லை, மரத்தடியில் இருந்தார். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பொரிந்தது. பொட்டெல்லாம் வைத்துத்தான் உப்பு போட்டேன். மங்கையர்க்கரசி இன்று விடுப்பு. ஒன்றும் புரியவில்லை. ஷெட்டும் என்னவோ போலிருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கருவாட்டு வியாபாரி டேப் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நீளம், அகலம் எல்லாம் அளந்தார். போகும்போது மூக்கைச் சுளித்து, குளோரின் வாடை அடிக்கிறதே, கருவாட்டுக்கு ஆகாதே என்று கவலைப்பட்டார். ஒரு கருவாட்டு வியாபாரி நாற்றத்தைக் குறை சொல்லிக் கேட்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நேரமா இது? வெள்ளிக்கிழமை பொரிவதற்குக் காரணம் தெரியாமல் பெரிய செல்லைப் பற்றவைக்க முடியாது. அண்டாவில் பொரிந்தால் சட்டையில் ஓட்டை. அது பொரிந்தால் ஆளே தேற மாட்டான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரெக்டிஃபயரைக் குளிரவைக்கும் பெரிய விசிறி, கிழக்குச் சுவருக்கு வெளியே வெதுவெதுப்பான காற்றைச் சும்மா வீசிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு நாற்காலியும் மேலே ஒரு கீற்றுத் தட்டியும் போடச் சொன்னேன். ஈரத்தலையோடு வருகிறவர்கள் உட்கார்ந்து காயவைத்துக்கொள்ளலாம். இது எல்லா ஊழியர்களுக்கும் பொதுவான வசதி. அண்ணாச்சிக்குத் தலையில் முடியே கிடையாது என்பதும், மற்ற இருவரும் ஒட்ட வெட்டியவர்கள் என்பதும் வேறு விஷயம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பொட்டு வைத்தேன். உப்பு போட்டேன். பொரிந்தது. மங்கையர்க்கரசி கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு விஷயம் பேசணும் சார், தனியா என்றார். விசிறிப் பக்கம் போனோம். அவர் நாற்காலியில் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை.

"சார், நானும் மூணு வாரமா உப்ப எடுத்து எடுத்துக் காயவச்சுப் பாக்கேன். ஒரு சொட்டு ஈரம் இல்ல. வெள்ளிக்கிழம உப்புலயும் இல்ல."

பின்னே எங்கிருந்து வருகிறது என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

"உங்க கரண்டியில இருக்கு சார். சந்தனத்தக் குழைச்சுப் பொட்டு வைக்கீங்க. அது காயதுக்கு முன்னாலயே கரண்டிய உள்ள விட்டுருதீங்க."

ஆடி மாதம் முழுக்க ஊரார் தலையில் ஈரத்தைத் தேடிக்கொண்டிருந்தவன், கையில் பொட்டு வைத்த கரண்டியோடு அலைந்திருக்கிறேன். இதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு வெள்ளியும் பொட்டு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

இதை ஏன் எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் தலை குனிந்து நிற்க வேண்டியிருக்கும், அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லையாம். இவரைத்தான் நான் மூன்று வாரமாக மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது. பொரிவதற்குக் காரணம் தெரிந்துவிட்டதல்லவா, அந்தச் சந்தோஷம்தான்.

ஆகஸ்ட் 9, சனி

எல்லோரையும் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி, சாமி மேல பழி வராமப் போச்சே, அது போதும் என்றார். சட்டை ஓட்டைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இனிமேல் சந்தனம் கிடையாது, வறண்ட குங்குமம் மட்டும். பலகையை எடுத்துவிடட்டுமா என்று மங்கையர்க்கரசியிடம் கேட்டேன். ஈரம் ஈரந்தானே சார், போர்டு இருக்கட்டும் என்றார். சொல்லிவிட்டு விசிறியடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பொரியவில்லை. கொடியேற்றத்துக்குக் கொடுத்த மிட்டாயில் இரண்டை அரசிக்கு வைத்திருந்தேன். பெயர் நீளமாக இருப்பதால் ஷெட்டில் எல்லோரும் அரசி என்றே கூப்பிடுகிறார்கள். டைரியில் இடம் மிச்சம்.

செப்டம்பர் 8, திங்கள்

பிள்ளையார் சதுர்த்திக்கு ஊருக்குப் போய் வந்தேன். சாப்பிடும்போது அம்மாவிடம் செல்லைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். புது செல்லின் செங்கல், கம்பிவலை, உப்பின் ஈரத்தை எப்படி அளப்பது, எல்லாம். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "மக்கா, அந்தப் பிள்ளைக்குச் சொந்தபந்தம் எந்தூரு?" என்றாள். செல்லைப் பற்றி அவளுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

செல் கட்டி முடிந்தது. ஆள் உயர இரும்புத் தொட்டி, உள்ளே செங்கல், நடுவில் கிராஃபைட் தூண். கம்பிவலையை நானும் அரசியும் சேர்ந்து வெளிச்சத்தில் பிடித்துக் கண் கண்ணாகப் பார்த்தோம். ஒரு கிழிசலும் இல்லை. வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பார்த்து முடிக்க ரொம்ப நேரம் ஆகிவிட்டது.

ஐப்பசி மழை இறங்குவதற்குள் ஓடியாக வேண்டும். இந்த உப்பு ஊரில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆயுத பூஜை. இன்றுதான் செல்லுக்குத் தீ மூட்டுவதாகத் திட்டம். மிஷினைப் பார்க்க வேண்டும் என்று அம்மா நாகர்கோவிலிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு மிஷினையும் பார்க்க ஆசைப்படாதவள்.

முதலாளியும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா ஆசை ஆசையாக ஒரு கூடை தேங்காய், பானை அளவு பூசணிக்காய், கையில் வெள்ளிப் பன்னீர்ச் செம்பு சகிதம் வந்தார். உள்ளே வருகிறவர்கள் மேலெல்லாம் பன்னீர் தெளிக்க வேண்டும், செல்லின் மேலும் நான்கு துளி தெளிக்க வேண்டும், வாசலில் பூசணிக்காய் உடைக்க வேண்டும். என் கை தானாக விரிந்துவிட்டது. வாளிக்கார அம்மாளை மறித்த மாதிரியே முதலாளியம்மாவையும் மறித்துக்கொண்டு நின்றேன். அம்மா, தண்ணீர் கூடாது என்றேன். நல்ல நாளில் என் கையால் நாலு துளி விழக்கூடாதா என்று அவர் கண் கலங்கிவிட்டார். முதலாளியின் முகம் கறுத்தது.

அப்போது அரசி ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தார். தாம்பாளம் நிறையக் கல்லுப்பு. முதலாளியம்மாவின் பக்கத்தில் போய், தணிந்த குரலில் சொன்னார்.

"அம்மா, திருஷ்டி கழிக்கதுக்கு உப்ப விடப் பெருசு எது இருக்கு? நீங்க உங்க கையால செல்லச் சுத்துங்க. சுத்தின உப்ப வெளிய கொட்ட வேண்டாம். செல்லுக்குள்ளயே போட்டுருவோம். முதல் சோடியம் உங்க கை உப்புலதான் வரும்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததே! மூன்று சுற்று நிதானமாகச் சுற்றி, உப்பை உள்ளே போட்டார். கற்பூரத் தட்டிலிருந்தே எண்ணெய் பர்னரைப் பற்றவைத்தோம். தேங்காயை அரை மைல் தள்ளிப் போய் உடைத்து எல்லோரும் சாப்பிட்டோம்.

அந்த உப்பில் ஈரம் இருந்திருக்குமே என்று பிறகு அரசியிடம் கேட்டேன். நேற்றே சூளையில் காயவைத்துவிட்டாராம். முதலாளியம்மா பன்னீரோடுதான் வருவார் என்று அவருக்குத் தெரியுமாம். எனக்குத் தோன்றவே இல்லை.

பஸ் ஏறும்போது அம்மாவிடம் மிஷின் எப்படி என்று கேட்டேன். "நல்ல லட்சணமா இருக்கு மக்கா. முடியும் நல்ல நீளம்" என்றாள்.

அக்டோபர் 16, வியாழன்

நான்கு நாளாக இரவு பகல் முறை வைத்துச் சூடேற்றினோம். செங்கல்லில் இருந்த கடைசி ஈரமும் போய்விட்டது. உப்பு உருகி, உள்ளே பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் தளதளக்கிறது. மாலையில் மின்சாரம் கொடுத்தோம். அம்மீட்டர் முள் எழுந்து நின்றது. தூங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஷெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். சந்தனத்தை நெற்றியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கே சோடியம் வந்திருக்க வேண்டும். குழாய் வழியாக ஏறி, பக்கத்துக் கலத்தில் வழிய வேண்டும். வரவில்லை. போன வருஷமும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் வராமல் இருந்தது, பிறகு உறைந்தது. நான் குழாயையே சுற்றிச் சுற்றி வருவதை அண்ணாச்சி பார்த்துவிட்டு, அடச்சிருக்கும் சார், கம்பியைத் திருப்பிப் பாப்போம் என்றார். குழாயில் கால்சியம் ஊசி ஊசியாகப் படிந்து அடைத்துக்கொள்வது உண்டு. உள்ளே இருக்கும் கம்பியை மெதுவாகத் திருப்பினால் உதிர்ந்து கீழே போய்விடும். திருப்பினோம். கரகரவென்று உதிர்கிற சத்தம் கேட்டது.

கலத்தின் மூடியைத் திறந்து பார்க்கலாமா என்றார் அண்ணாச்சி. இன்று வெள்ளிக்கிழமை. அரசி ஈரத்தலையோடு விசிறியடியில் இருந்தார். ஐந்து நிமிஷம் பொறுங்கள், இன்னும் கொஞ்சம் சூடேறட்டும் என்றேன். சூடு போதுமான அளவு இருந்தது. அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஆமா சார், சூடு பத்தாது என்றார்.

ரெக்டிஃபயர் முழு லோடில் ஓடுவதால் விசிறி அடுப்புக் காற்றாக வீசியிருக்கிறது. சீக்கிரமே தலை காய்ந்து, அள்ளி முடிந்துகொண்டு அரசி ஓடி வந்தார். மூடியைத் திறந்தோம்.

உள்ளே வெள்ளி. ஒரு சுருக்கம் இல்லாமல், நிலைக்கண்ணாடி மாதிரி. அதில் எங்கள் முகங்கள் தெரிந்தன. என் முகம் அழுதுகொண்டிருந்தது. எனக்கு அதைப் பற்றி ஒரு வெட்கமும் இல்லை. அண்ணாச்சி தலைத்துண்டை அவிழ்த்து நீட்டி, கண்ணீர உள்ள விட்டுராதீங்க சார், அதுவும் தண்ணிதான் என்றார்.

அக்டோபர் 21, செவ்வாய்

மத்தியானம் மழை இறங்கிவிட்டது. தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. உப்பளக்காரர்கள் வேலையை விட்டு ஓடினார்கள். நாங்கள் ஓட முடியாது. செல் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் உறைந்துவிடும்.

செல்லுக்கு நேர் மேலே இல்லை, நான்கு முழம் தள்ளிக் கூரையில் ஒழுகத் தொடங்கியது. தார்ப்பாயை உள்ளே இழுத்துக் கட்டினோம். கூரைமேல் ஏறிய ஆளுக்கு எந்தத் தகரம் கிழிந்திருக்கிறது என்று தெரியவில்லை. கீழே இருந்து ஒரு குரல், இன்னும் வலத்த, இன்னும் வலத்த, ஆங், அதுதான் என்று வழி சொன்னது. அரசி மழைக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த தகரத்தின் மேல் ஷீட்டைப் போட்டுக் கல் வைத்ததும் ஒழுக்கு நின்றது. செல்லில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அம்மீட்டர் முள் அசையவில்லை.

நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். துண்டும் நனைந்தது, நானும் நனைந்தேன். திரும்பி உள்ளே நுழையப் போனால், அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"நனஞ்சுட்டீங்க சார். உள்ள வரப்படாது. போர்டு போட்டிருக்கு."

செல்லை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்க் காயுங்கள் என்று கதவைச் சாத்திவிட்டார். வேறு வழியில்லை. விசிறியடிக்குப் போனோம். இருந்தது ஒரே நாற்காலி. அரசியை உட்காரச் சொன்னேன். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். தட்டிக்கு அப்பால் மழை, முதுகுக்குப் பின்னால் வெதுவெதுப்பான காற்று. என் வாழ்நாளில் இத்தனை ஈரமாக இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். உப்பின் ஈர அளவைப் பற்றி ஏதோ கேட்டேன். அரசி முடியைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் வேறொன்று கேட்டார்.

"எங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் முதல்ல ஒரு செம்பு தண்ணிதான் குடுப்போம். நீங்க வந்தா குடிப்பீங்களா சார்?"

குடிப்பேன் என்றேன். முழுச் செம்பையும் குடிப்பேன் என்றேன்.

செல்லைப் பற்றி மட்டும் எழுதுவேன் என்று ஜூலையில் முதல் பக்கத்தில் எழுதியவன் நான்தான். அது கிடக்கட்டும். எனக்கு அரசியைப் பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு நாளை காலை டிரங்க் கால் போட வேண்டும்.

அக்டோபர் 22, புதன்

போட்டேன். அம்மா ஆயுத பூஜைக்கு வந்துவிட்டுப் போகிற வழியிலேயே ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கிப் பேசிவிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கிறாள்.

நவம்பர் 1, சனி

தீபாவளி. முதலாளி காலையிலேயே ஷெட்டுக்கு வந்தார். மண்ணெண்ணெயில் முக்கி வைத்த சோடியக் கட்டிகளை வரிசையாகக் காட்டினேன். ஒன்றைக் கத்தியால் வெட்டினேன், சோப்புக்கட்டி மாதிரி வெட்டுப்பட்டது. உள்ளே பளபளவென்று ஒரு வெள்ளி முகம், மூச்சு விடுவதற்குள் மங்கிவிட்டது. முதலாளி குனிந்து அதையே பார்த்தார். பிறகு, தண்ணியில போட்டா என்னய்யா ஆகும் என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

வெட்டவெளியில் தண்ணீர்த் தொட்டி வைத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, நீளக் கம்பியால் ஒரு அரிசியளவு போட்டேன். தண்ணீர்மேல் சீறிக்கொண்டு அங்குமிங்கும் ஓடி, மஞ்சளாகப் பற்றி, பட்டென்று அணைந்தது. தெருப்பிள்ளைகள் தங்கள் வெடிகளையெல்லாம் மறந்துவிட்டார்கள். முதலாளி கைதட்டினார். கருவாட்டுக்காரன வேற இடம் பாக்கச் சொல்லிட்டேன் என்றார். அண்ணாச்சி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு ஸ்ரீவைகுண்டம் போனேன். வாசலிலேயே செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார்கள். முழுவதும் குடித்தேன்.

பிப்ரவரி 4, புதன்

கல்யாணம் முடிந்தது. எல்லோரும் தூங்குகிறார்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை.

மண்டப வாசலில் முதலாளியம்மா அந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். அக்டோபரில் தெளிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து வந்தவர்கள் மேலெல்லாம் கொட்டித் தீர்த்தார். என்னைப் பார்த்ததும் இன்னைக்கு உன்னால மறிக்க முடியாதில்ல என்று சொல்லி என் தலையில் செம்பையே கவிழ்த்துவிட்டார். அண்ணாச்சி தாலி கட்டும் வரை இருந்துவிட்டு, சாப்பிட்ட கையோடு ஷெட்டுக்கு ஓடினார். செல்லைத் தனியாக விட முடியாது. அது நூறு நாளைத் தாண்டி நிற்காமல் ஓடுகிறது.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. அரசியின் அப்பா என் கையை விரித்து, அதன்மேல் அவள் கையை வைத்தார். அவள் விடிகாலையில் தலைக்குக் குளித்திருந்தாள். பின்னலுக்குள் ஈரம் இன்னும் காயவில்லை, தோளில் பட்டுப்புடவை நனைந்திருந்தது. மாமனார் செம்பைச் சரித்தார். தண்ணீர் விழப் போகிறது என்று கண்டதும் பழக்க தோஷத்தில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அரசி விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"ஒண்ணும் வெடிக்காது சார்" என்றாள்.

மண்டபமே சிரித்தது. எங்கள் இரண்டு கைமேலும் தண்ணீர் விழுந்து, விரல் இடுக்கெல்லாம் நிறைந்து, தாம்பாளத்தில் வழிந்தது.